பனியன் வெண்மையும் குவாண்டம் புள்ளியும்



திருப்பூரில் சாயப்பட்டறைகளின் பரிசோதனைக் கூடங்களில் ஒரு பெட்டியைக் காணலாம். முன்பக்கம் திறந்திருக்கும், உள்ளே சாம்பல் நிறம் பூசியிருக்கும். மேற்புறத்தில் பலவகை விளக்குகள் உண்டு. பகல் வெளிச்சத்தைப் போன்ற ஒளி தருவது ஒன்று. கடைகளில் எரியும் குழல் விளக்கைப் போன்றது மற்றொன்று. வீட்டுக் குண்டு பல்பைப் போல மஞ்சள் ஒளி தருவது வேறொன்று. சாயமேற்றிய துணியும் வாங்குபவர் கேட்ட மாதிரித் துணியும் எல்லா வெளிச்சத்திலும் ஒரே நிறமாகத் தெரிகின்றனவா என்று இதில் வைத்துப் பார்ப்பார்கள். 'லைட் பாக்ஸ்' என்பது இதன் பெயர்.

அதில் இன்னொரு விளக்கும் உண்டு. அதுதான் புற ஊதா விளக்கு. மற்றவற்றை அணைத்துவிட்டு இதை மட்டும் போட்டால் பெட்டி ஏறக்குறைய இருட்டாகவே இருக்கும். ஆனால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பனியன் துணி நீல நிறமாகச் சுடர் விடும்! பக்கத்தில் வெளுக்காத கோராத் துணியை வைத்தால் அது மங்கிக் கிடக்கும். குழல் விளக்கில் ஒன்றுபோல் தெரிந்த இரண்டு வெள்ளைத் துண்டுகள்கூட இங்கே வேறுபட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த நீலச் சுடரிலிருந்து தொடங்கினால், இன்றைய அறிவியலின் அழகிய செய்தி ஒன்றுக்குப் போய்ச் சேரலாம். மிக நுண்ணிய இரு பொருள்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, ஒன்றிலுள்ள ஆற்றல் ஒளியாக மாறாமலேயே மற்றதற்குப் போய்விடுகிறது. எப்படி என்று காண்போம்.

வெண்மை எங்கிருந்து வருகிறது?

பருத்தி இயற்கையில் தூய வெண்மை அன்று. சற்றுப் பழுப்பு கலந்தது. வெளுத்த பிறகும் மஞ்சள் சாயல் மிஞ்சும். நீல ஒளியைத் துணி சிறிது உறிஞ்சிவிடுவதே இதற்குக் காரணம். அந்தக் குறையை ஈடு செய்ய நம் பாட்டிமார் வேட்டிக்கு நீலம் போட்டார்கள். நீலம் போட்டால் மஞ்சள் மறையும். ஆனால் துணியிலிருந்து வரும் மொத்த ஒளியும் குறையும்.

1929-ஆம் ஆண்டில் பால் கிரைஸ் என்ற ஜெர்மானிய வேதியியலார் வேறு வழி ஒன்றைக் காட்டினார். குதிரைச் செஸ்நட் மரப் பட்டையிலிருந்து கிடைக்கும் எஸ்குலின் என்ற பொருளின் கரைசலில் துணியை நனைத்தார். துணி பளிச்சென்று வெளுப்பாகத் தெரிந்தது. அப்பொருள் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியாக வெளியிட்டது. குறைந்துபோன நீலத்தை அது நிரப்பியது. இன்று பருத்தித் துணிக்குப் போடப்படும் வெண்மையூட்டிகள் பெரும்பாலும் ஸ்டில்பீன் என்ற சேர்மத்தின் வழிவந்தவை. வேலை ஒன்றேதான்.

இவ்வேலையில் ஒரு கணக்கு இருக்கிறது. ஒளி, துகள் துகளாக ஆற்றலைச் சுமந்து வருகிறது. ஒரு துகளின் ஆற்றலை எலக்ட்ரான் வோல்ட் அளவில் அறிய, 1240 என்ற எண்ணை நானோமீட்டரில் சொன்ன அலைநீளத்தால் வகுத்தால் போதும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. 360 நானோமீட்டர் புற ஊதா ஒளித்துகளின் ஆற்றல் ஏறத்தாழ 3.44 எலக்ட்ரான் வோல்ட். 435 நானோமீட்டர் நீல ஒளித்துகளின் ஆற்றல் 2.85. மீதி 0.59 எங்கே போயிற்று? வெண்மையூட்டி மூலக்கூறின் அதிர்வாகி, வெப்பமாகி, துணியில் கலந்துவிட்டது. விழுங்கியதைவிடச் சிறிது குறைவாகத்தான் திருப்பித் தர முடியும். இந்தச் சிறு இழப்பை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒளியை விழுங்கிய மூலக்கூறு 'கிளர்ச்சி நிலை'யில் இருக்கிறது என்பார்கள். அந்நிலை நெடுநேரம் நிலைக்காது. ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கு, அதாவது ஒரு நானோநொடி அளவில் அது ஒளியை உமிழ்ந்து பழைய நிலைக்கு வந்துவிடும். இதற்கு உடனொளிர்தல் என்று பெயர்.

இரண்டு மடங்கு போட்டால்?

இப்போது ஒரு கேள்வி. ஒரு பங்கு வெண்மையூட்டி போட்டால் துணி இவ்வளவு வெண்மையாகிறது. இரண்டு பங்கு போட்டால் இரண்டு மடங்கு வெண்மையாகுமா?

ஆகாது. ஓரளவுக்குமேல் வெண்மை ஏறுவது நின்றுவிடும். இன்னும் கூட்டினால் துணியில் பச்சை தட்டும், பொலிவும் குறையும். சலவைப் பட்டறையில் பழகியவர்களுக்கு இது அனுபவ அறிவு. இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று அண்டை வீட்டுத் தொடர்பு. மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கும்போது, கிளர்ந்த ஒன்று தன் ஆற்றலை ஒளியாக்காமல் பக்கத்து மூலக்கூறுக்குத் தந்துவிடுகிறது, அது அடுத்ததற்கு, அது அதற்கடுத்ததற்கு. இந்தப் பயணத்தில் எங்கேனும் ஒட்டிக்கொண்டு கட்டியாகிக் கிடக்கும் மூலக்கூறுகளிடம் ஆற்றல் அகப்பட்டால், அது வெறும் வெப்பமாகிவிடும். கூட்டம் கூடினால் ஒளி குறைகிறது!

ஆனால் தொடாமலே ஆற்றல் எப்படிக் கைமாறும்? இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம்.

செய்து பாருங்கள்

இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு நூலைக் கிடையாக, சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். பின்னலாடைக் கோன் நூல் கிடைத்தால் நான்கைந்து இழைகளைச் சேர்த்து முறுக்கிக்கொள்ளுங்கள். அந்நூலிலிருந்து 15 சென்டிமீட்டர் இடைவெளியில், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு நூல்களைத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரே எடையுள்ள இரும்பு நட்டைக் கட்டுங்கள். இரண்டு ஊசல்கள் தயார்.

ஒன்றை மட்டும், கிடை நூலுக்குக் குறுக்காக இழுத்து விடுங்கள். சிறிது நேரத்தில் அதன் ஆட்டம் குறையும். சும்மா இருந்த மற்றது ஆடத் தொடங்கும். ஒரு கட்டத்தில் முதலாவது நின்றேவிடும். இரண்டாவது முழு வீச்சில் ஆடும்! ஆற்றல் நூல் வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. பின்னர் அது திரும்பியும் வரும்.

அடுத்து, ஒரு ஊசலின் நீளத்தை 20 சென்டிமீட்டராகக் குறைத்துச் செய்து பாருங்கள். இப்போது மற்றது இலேசாக அசைவதோடு சரி. ஆட்டத்தின் தாளம் ஒத்துப்போனால்தான் ஆற்றல் முழுதாகக் கைமாறும். இதுவே ஒத்ததிர்வு.

மூலக்கூறுகளுக்கு இடையே நூல் இல்லை, மின்புலம் உண்டு. கிளர்ந்த மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு சிறு ஆன்டெனாவைப் போல அலைபாய்கிறது. பக்கத்து மூலக்கூறு அதே தாளத்தை ஏற்கக்கூடியதாக இருந்தால், அந்த மின்புலத்தின் வழியே ஆற்றல் அதனிடம் தாவிவிடுகிறது. தருவதைக் கொடுப்பான் என்றும், பெறுவதை ஏற்பான் என்றும் சொல்வோம். கொடுப்பான் உமிழக்கூடிய ஒளியின் நிறமாலையும், ஏற்பான் விழுங்கக்கூடிய ஒளியின் நிறமாலையும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும் என்பது நிபந்தனை. இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் தியோடர் ஃபோர்ஸ்டர் என்ற ஜெர்மானிய அறிஞர். அவருடைய ஆய்வுரைகள் 1946, 1948 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன.

ஒளியாகப் போகவில்லை என்பதற்குச் சான்று என்ன?

கூர்மையான மாணவர் ஒருவர் இங்கே கையைத் தூக்கக்கூடும். "ஐயா, கொடுப்பான் ஒளியை உமிழ்கிறது, ஏற்பான் அதை விழுங்குகிறது. இவ்வளவுதானே? தாவுகிறது என்று ஏன் சொல்ல வேண்டும்?"

நல்ல கேள்வி. அப்படியும் நடப்பதுண்டு. இரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய வழி இருக்கிறது.

ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒரு துளை. தொட்டி காலியாகப் பத்து நிமிடம் ஆகிறது. வெளியே விழும் நீரை நீங்கள் குடத்தில் பிடித்தாலும், தரையில் விட்டாலும் தொட்டி அதே பத்து நிமிடத்தில்தான் காலியாகும். பிடிப்பது தொட்டிக்குத் தெரியாது. ஆனால் தொட்டியில் இரண்டாவது துளை ஒன்றைப் போட்டால்? விரைவில் காலியாகும்.

கொடுப்பானும் அப்படித்தான். அது உமிழ்ந்த ஒளியை யாரோ பிறகு விழுங்கினால், கொடுப்பானின் கிளர்ச்சி நிலை நீடிக்கும் நேரம் மாறாது. உமிழ்வதற்கு முன்பே ஆற்றல் தாவிவிடுகிறது என்றால், அது இரண்டாவது துளை. கிளர்ச்சி நிலையின் ஆயுள் குறைந்தாக வேண்டும். நானோநொடிகளை அளக்கும் கருவிகளைக் கொண்டு அறிவியலார் அளந்தார்கள். ஆயுள் குறைந்தது. ஆற்றல் தாவுவது உறுதியாயிற்று.

குவாண்டம் புள்ளிகள் வருகின்றன

இனி மூலக்கூறை விட்டு, குவாண்டம் புள்ளிக்கு வருவோம். இது காட்மியம் செலினைடு போன்ற குறைகடத்தியின் மிகச் சிறிய படிகம். குறுக்களவு சில நானோமீட்டர்கள்தாம். ஒரு பருத்தி இழையின் தடிமனை 15 மைக்ரோமீட்டர் என வைத்துக்கொண்டால், 6 நானோமீட்டர் புள்ளிகளை அதன் குறுக்கே வரிசையாக அடுக்க 2,500 புள்ளிகள் வேண்டும்.

இதில் ஒரு விந்தை. பொருள் ஒன்றே, அளவு மாறினால் நிறம் மாறும். அடைபட்ட இடம் குறுகக் குறுக, உள்ளேயிருக்கும் எலக்ட்ரானைக் கிளர்த்தத் தேவையான ஆற்றல் கூடுகிறது. ஆகவே சிறிய புள்ளி நீலம் அல்லது பச்சையாக ஒளிரும். பெரிய புள்ளி சிவப்பாக ஒளிரும். குட்டை வீணைத் தந்தி உயர்ந்த சுருதி எழுப்புவதைப் போல என்று நினைவில் கொள்ளலாம்.

1981-இல் அலெக்ஸி எகிமோவ் நிறக் கண்ணாடிகளுக்குள் இருந்த செப்புக் குளோரைடு நுண்படிகங்களில் இந்த அளவு விளைவைக் கண்டார். 1983-இல் லூயிஸ் புரூஸ் கரைசலில் மிதக்கும் துகள்களில் கண்டார். 1993-இல் மௌங்கி பாவெண்டியும் உடனிருந்தவர்களும் ஒரே அளவுள்ள தரமான புள்ளிகளைச் செய்யும் முறையைக் கண்டுபிடித்தனர். இம்மூவருக்கும் 2023-ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

புள்ளிகள் தனித்தனியே கரைசலில் மிதக்கும்போது ஒன்றையொன்று கவனிப்பதில்லை. அவற்றைக் காயவைத்து நெருக்கமான படலமாக்கினால் என்ன ஆகும்? 1996-இல் செரி காகன், பாவெண்டி முதலியோர் இதைச் சோதித்தனர். ஏறத்தாழ 4 நானோமீட்டர் அளவுள்ள புள்ளிகளையும் 6 நானோமீட்டர் அளவுள்ள புள்ளிகளையும் கலந்து படலமாக்கினர். சிறியவற்றின் ஒளி மங்கியது. பெரியவற்றின் ஒளி ஓங்கியது. சிறியவற்றின் கிளர்ச்சி நிலை விரைவில் அடங்கியது. பெரியவற்றின் ஒளிர்வு நீடித்தது. நாம் மேலே கண்ட தொட்டிச் சான்றேதான்! சிறிய புள்ளியின் ஆற்றல் பெரிய அண்டைப் புள்ளிக்குத் தாவியிருக்கிறது.

ஏன் சிறியதிலிருந்து பெரியதற்கு? பெரிய புள்ளி குறைந்த ஆற்றலுக்கே கிளர்ந்துவிடும். ஆகவே சிறியது தருவதை அது ஏற்கும். பெற்றவுடன் ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிடும். எஞ்சியது சிறிய புள்ளியைக் கிளர்த்தப் போதாது. எனவே இது ஒருவழிப் பாதை. நம் ஊசல்களில் ஆற்றல் திரும்பி வந்தது, இங்கே வராது. நான் நினைவில் வைக்கச் சொன்ன சிறு இழப்புதான் வாசலுக்குத் தாழ்ப்பாள் போடுகிறது.

எவ்வளவு நெருக்கம்?

அலைபாயும் சிறு மின் இருமுனையின் அருகே, அதன் மின்புலம் தொலைவின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறைகிறது. ஆற்றல் தாவும் வேகம் அம்மின்புலத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே வேகம், தொலைவின் ஆறாம் அடுக்குக்குத் தலைகீழாகக் குறைகிறது. தாவும் வேகமும், கொடுப்பான் தானாக அடங்கும் வேகமும் சமமாக இருக்கும் தொலைவை ஃபோர்ஸ்டர் தொலைவு என்பர். அத்தொலைவில் ஆற்றலில் பாதி தாவும். குவாண்டம் புள்ளிகளில் இது 5 நானோமீட்டரை ஒட்டியிருக்கும். அதையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். தொலைவை மையத்திலிருந்து மையம் வரை அளக்க வேண்டும்.

4 நானோமீட்டர் தொலைவில் 79 சதவீதம் தாவும்.
5 நானோமீட்டரில் 50 சதவீதம்.
6 நானோமீட்டரில் 25 சதவீதம்.
10 நானோமீட்டரில் ஒன்றரை சதவீதமே!

தொலைவு இரட்டித்ததும் வேகம் 64-இல் ஒரு பங்காகிவிடுகிறது. எட்டிப் போனால் ஒன்றுமில்லை; கிட்ட வந்தால் கொட்டிக் கொடுக்கிறது.

4 நானோமீட்டர் புள்ளியும் 6 நானோமீட்டர் புள்ளியும் ஒட்டியிருந்தால் மையத் தொலைவு 2 + 3 = 5. புள்ளிகளைச் சுற்றி எண்ணெய் போன்ற கரிம மூலக்கூறுகளின் மேலுறை உண்டு. அதற்கு 1 சேர்த்தால் 6 நானோமீட்டர். ஓர் அண்டைக்கு மட்டும் தாவும் வேகம், தானாக அடங்கும் வேகத்தில் மூன்றில் ஒரு பங்கு. அப்படி மூன்று ஏற்பான்கள் சூழ்ந்திருந்தால் மூன்றும் சேர்ந்து ஒரு முழுப் பங்கு. ஆற்றலில் பாதி தாவிவிடும். படலத்தில் ஒரு புள்ளியைச் சுற்றிப் பன்னிரண்டு அண்டைகள்வரை இருக்க இடமுண்டு. நெருக்கம் எவ்வளவு செய்யும், பார்த்தீர்களா?

இந்த ஆறாம் அடுக்கு விதி ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1967-இல் ஸ்ட்ரையர், ஹாக்லண்டு ஆகிய இருவர், அளவு தெரிந்த கெட்டியான மூலக்கூறுத் தண்டின் இரு நுனிகளில் கொடுப்பானையும் ஏற்பானையும் கட்டி, தண்டின் நீளத்தை 1.2-இலிருந்து 4.6 நானோமீட்டர்வரை மாற்றிச் சோதித்தனர். அவர்களுக்குக் கிடைத்த அடுக்கு 5.9. அன்றிலிருந்து இம்முறை மூலக்கூறுகளுக்கு இடையேயுள்ள தொலைவை அளக்கும் அடிக்கோலாகவே பயன்படுகிறது.

நன்மையும் தீமையும்

ஆற்றல் தாவுவது நல்லதா, கெட்டதா? இடத்தைப் பொறுத்தது.

உங்கள் வீட்டு வாசலிலுள்ள வேப்பிலையில் இது உயிரே காக்கிறது. 1932-இல் எமர்சனும் அர்னால்டும் குளோரெல்லா என்ற பாசியில் ஒளி மின்னல்களைப் பாய்ச்சிச் சோதித்து, ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு உண்டாக ஏறத்தாழ 2,500 பச்சைய மூலக்கூறுகள் துணை நிற்பதைக் கண்டார்கள். பெரும்பாலான பச்சைய மூலக்கூறுகள் ஒளியைப் பிடித்துப் பக்கத்துக்குப் பக்கம் கடத்துவதோடு சரி. வேதிவேலை நடப்பது சில மையங்களில் மட்டுமே.

நோய் ஆய்வுக் கூடங்களிலும் இது பயன்படும். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், குவாண்டம் புள்ளியைச் சுற்றிப் புரதங்களை ஒட்டி, அவற்றில் ஒளியைத் திருடும் சாய மூலக்கூறை அமர்த்தினர். புள்ளி இருண்டு கிடந்தது. மால்டோஸ் சர்க்கரையைச் சேர்த்ததும் அது சாயத்தை வெளியே தள்ளி அவ்விடத்தில் அமர்ந்தது. புள்ளி ஒளிரத் தொடங்கியது. சர்க்கரை இருப்பதை ஒளியே சொல்லிற்று.

மாறாக, விளக்குகளுக்கான புள்ளிப் படலத்தில் இதுவே இடைஞ்சல். மேற்பரப்பில் குறையுள்ள ஒரே ஒரு புள்ளி, சுற்றியுள்ள நல்ல புள்ளிகளின் ஆற்றலை இழுத்து வெப்பமாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு புள்ளிக்கும் துத்தநாக சல்பைடு போன்ற தடித்த மேலோடு போட்டு இடைவெளி விடுகிறார்கள்.

நொய்யல் சொல்லும் பாடம்

மறுபடியும் திருப்பூருக்கு வருவோம். வெண்மை வேண்டி அளவுக்கு மேல் போட்ட மருந்து வெண்மையைக் கூட்டுவதில்லை. துணியில் ஏறாத மிச்சமோ கழிவுநீரில்தான் போகும். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யல், இத்தகைய மிச்சங்களை நெடுங்காலம் சுமந்த ஆறு. பாசனத்துக்கென்று 1992-இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவே தேங்கியது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாய, சலவைப் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன் பின்னர், கழிவுநீரைத் துளியும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடுதான் அவை திறக்கப்பட்டன. இடையில் எத்தனை குடும்பங்கள் வேலையின்றித் தவித்தன என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குவாண்டம் புள்ளிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். காட்மியம் நச்சு உலோகம். உடலில் சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். மின்னணுப் பொருள்களில் காட்மியத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் கடுமையான வரம்பு விதித்திருக்கிறது. இதனால் காட்மியம் இல்லாத இண்டியம் பாஸ்பைடு புள்ளிகள் தொலைக்காட்சித் திரைகளில் இடம்பெற்றுவிட்டன. நாளை ஒளிரும் நூலோ, ஒளிரும் பனியனோ செய்ய நம் ஊரில் யாரேனும் முனைந்தால், "எவ்வளவு ஒளிரும்?" என்பதோடு "சலவையில் எங்கே போகும்?" என்ற கேள்வியையும் முதல் நாளே கேட்க வேண்டும். கேட்பவர் உங்களில் ஒருவராக இருக்கட்டும்.

வீட்டில் காண

கடைகளில் கள்ள நோட்டைக் கண்டறிய வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ், கடைக்காரரின் அனுமதியோடு உங்கள் வெள்ளைச் சட்டையின் கைப்பகுதியை நீட்டிப் பாருங்கள். நீலமாகச் சுடர் விட்டால் அதில் வெண்மையூட்டி உண்டு. நல்ல ரூபாய் நோட்டின் தாள் அப்படிச் சுடர் விடாது. வெண்மையூட்டி சேர்க்காத தாள் அது. விளக்கை மட்டும் நேராகப் பார்க்காதீர்கள், கண்ணுக்குக் கெடுதல்.

சிந்தியுங்கள்

1. ஃபோர்ஸ்டர் தொலைவு 5 நானோமீட்டர். கொடுப்பானுக்கும் ஒரே ஒரு ஏற்பானுக்கும் இடையே 7.5 நானோமீட்டர் தொலைவு இருந்தால், எத்தனை சதவீத ஆற்றல் தாவும்?

2. ஒரே அளவுள்ள புள்ளிகளால் படலம் செய்ததாக ஒருவர் சொல்கிறார். ஆனால் அதன் ஒளி, கரைசலில் இருந்ததைவிடச் சற்றுச் சிவப்பை நோக்கி நகர்ந்திருக்கிறது. புள்ளிகள் எல்லாம் இம்மியும் பிசகாமல் ஒரே அளவாக இருந்திருக்குமா?

விடை: 1. ஏறத்தாழ 8 சதவீதம். 2. இருந்திருக்காது என்றே கொள்ளலாம். அவற்றுள் சற்றுப் பெரிய புள்ளிகளிடம் ஆற்றல் போய்ச் சேர்ந்தால் ஒளி சிவப்பை நோக்கி நகரும்.